கல்யாணக் காசும் காலேஜ் காசும்

ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கம் காசு கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா, அல்லது அந்தக் காசு வேறு வழியில் கரைந்துவிடுமா? டீக்கடையிலும் கல்லூரி கேன்டீனிலும் அடிக்கடி நடக்கிற சண்டை இது. "எல்லாம் இலவசம், அதான் நாடு கெட்டுப்போச்சு" என்று ஒரு கட்சி. "அந்த இலவசம் இல்லாவிட்டால் நீ இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாயா" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. நான் பி.காம் படிப்பதால் எதையும் கணக்காகப் பார்ப்பது பழகிப்போன வியாதி. அதனால் தமிழ்நாட்டில் இந்தக் காசு எப்படி எப்படி வந்தது, படிப்பை என்ன செய்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முதலில் வந்தது சோறு

நம் ஊரில் படிப்புக்கான உதவி காசாகத் தொடங்கவில்லை, சாப்பாடாகத் தொடங்கியது. 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் போனது. வருகை கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய அன்றைய அரசாங்கம் ஒப்பாததால் 1925-ல் நின்றுபோனது.

அடுத்து 1956. காமராஜர் முதல்வர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. செலவில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது, மீதி உள்ளூர்க்காரர்களுடையது. ஊர்ப் பெரிய மனிதர்களிடம் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கிச் சமைத்த கதைகளை எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். முதலில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, அதே செப்டம்பரில் நகரத்துக்கு, 1984-ல் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும். 1989-க்குப் பிறகு கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் வந்தது. கட்சிகள் மாறின, சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் சமைத்த சோறு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2001 நவம்பரில்தான். நாம் எவ்வளவு முன்னால் இருந்தோம் என்பதற்கு இது ஒன்று போதும்.

சரி, சோறு எப்படி வேலை செய்கிறது? ஏழு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கப் போவதில்லை, ஆடு மேய்ப்பான், தம்பியைப் பார்த்துக்கொள்வான். அவன் பள்ளிக்குப் போனால் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம். ஆக, வீட்டுக் கணக்கில் பள்ளிக்கு அனுப்புவதே லாபம். எங்கள் பாடப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு. ஏழு வயதில் அந்த மதிப்பு ஒரு தட்டுச் சோற்றைவிடக் குறைவு.

பதினைந்து வயதில் அப்படி இல்லை. பதினைந்து வயதுப் பெண் ஒரு முழு ஆள். பூப்பறிக்கப் போகலாம், மில்லுக்குப் போகலாம், சம்பளம் கொண்டுவரலாம். ஒரு தட்டுச் சோறும் முட்டையும் அந்தச் சம்பளத்துக்கு ஈடாகாது. இந்த இடத்தில்தான் சோற்றின் கதை முடிந்து காசின் கதை தொடங்குகிறது.

கல்யாணக் காசு

1989-ல் கலைஞர் ஆட்சியில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. 1883-ல் பிறந்தவர், மாயவரம் பக்கத்து மூவலூரில் தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த முறையை ஒழிக்க வாழ்நாள் முழுக்கப் போராடினார், 1936-ல் அதைப் பற்றி நாவலே எழுதினார். 1947-ல் சட்டம் வந்து அந்த முறை ஒழிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 1962-ல் காலமானார். அவர் பெயரில் கல்யாணத்துக்குக் காசு கொடுப்பது பொருத்தமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆனால் அந்தத் திட்டத்துக்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. மணப்பெண் எட்டாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். 5,000 ரூபாயில் தொடங்கியது.

பெண் பிள்ளையைப் படிக்க வை என்று சொன்னால் கேட்காத அப்பா, கல்யாணத்துக்குக் காசு வரும் என்றால் கேட்பார் அல்லவா? குடும்பம் எதற்குப் பயப்படுகிறதோ அந்தச் செலவையே தூண்டிலாகப் போட்டு, அதன் முனையில் பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். பின்னாளில் தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, பழங்குடிப் பெண்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு. தொகையும் உயர்ந்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தப்பட்டு மறுபடி 2006-ல் வந்தது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் இரண்டு படிகள் ஆனது. பத்தாம் வகுப்பு என்றால் 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ என்றால் 50,000 ரூபாய், இரண்டுக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016-ல் தங்கம் 8 கிராம் ஆனது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல், சேலம், தருமபுரி பக்கங்களில் பெண் சிசுக்கொலை பெரிய அவமானமாகப் பேசப்பட்ட காலத்தில், 1992-ல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. குழந்தை பெயரில் வைப்புத்தொகை போட்டு, 18 வயதில் முதிர்வுத் தொகை. 2001-ல் திருத்தியபோது ஒரே பெண் என்றால் 22,200 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 15,200. அந்த முதிர்வுத் தொகையை வாங்கப் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஆறாவது ஆண்டிலிருந்து படிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய் தனி.

இரண்டு திட்டங்களும் காட்டிய எல்லைக்கோடு பத்தாம் வகுப்பு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் "எப்படியாவது பத்தாவது முடிச்சிடு" என்று அம்மாக்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்தக் காசும் இருந்தது. ஆனால் எல்லைக்கோடு என்றால் அங்கே வந்ததும் நின்றுவிடலாம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு!

மில் கொடுத்த கல்யாணக் காசு

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். தாடிக்கொம்பு திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் ரோட்டில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்கள் தெரியும். எங்களுக்கு அதே ரோட்டில் காலையும் மாலையும் போகிற மில் வண்டிகள் நன்றாகத் தெரியும். திண்டுக்கல் என்றால் பூட்டு, தோல் என்பார்கள். ஆனால் வேடசந்தூர் வரை வரிசையாக நிற்பவை நூற்பாலைகள்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ஒரு வழக்கம் பரவியது. பெயர் 'சுமங்கலித் திட்டம்'. 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் சொன்னார்கள். 'கேம்ப் கூலி' என்பது பேச்சு வழக்கு. ஏழை வீட்டுப் பெண்ணை மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்ய வைப்பது. மாதாமாதம் சிறு தொகை, முடிவில் கல்யாணத்துக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாக. பாதியில் விட்டால் மொத்தத் தொகை கிடைக்காமலே போவதுண்டு. வெளியே போகக் கட்டுப்பாடு, நீண்ட வேலை நேரம், 18 வயது ஆகாத பெண்கள்... இவற்றையெல்லாம் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பு 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள் விரிவாக எழுதின. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைகள் காதைக் கொஞ்சம் திறந்தன.

கவனித்தீர்களா? அரசாங்கம் போட்ட அதே தூண்டில். கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, அதுவும் ஏறத்தாழ அதே அளவு. ஒன்று பள்ளிக்கூடம் வழியாக வந்தால் கிடைக்கும், மற்றது மில் வழியாக வந்தால் கிடைக்கும். குடும்பம் என்ன செய்யும்? முடிந்தால் இரண்டையும் வாங்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படித்தான். பத்தாவது பாஸ், உடனே மில், கொஞ்ச வருடம் கழித்துக் கல்யாணம், அதற்கு அரசாங்கத்தின் 25,000 ரூபாயும் தங்கமும். அவர்கள் வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் கிடைத்ததை ஒழுங்காகக் கணக்குப் பண்ணிய குடும்பம் அது. அந்தக் கணக்கில் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும் இடம் இல்லை. அந்த அக்கா கணக்குப் பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

சும்மா பேசாமல் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். 2011-க்குப் பிந்தைய கல்யாண உதவியில் பத்தாவது படித்தவருக்கும் பட்டம் படித்தவருக்கும் வித்தியாசம் 25,000 ரூபாய். பத்தாவதிலிருந்து பட்டத்துக்கு 5 வருடம், அதாவது 60 மாதம். வகுத்தால் மாதம் 416 ரூபாய்.

அதுவும் கைக்கு வருவது கல்யாணத்தின்போது. பணத்துக்குக் கால மதிப்பு உண்டு என்று முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு குடும்பம் 10 சதவீத வட்டியில் கடன் வாங்கிப் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (கந்துவட்டியை எடுத்தால் கணக்கு இன்னும் மோசம்.) பதினைந்து வயதுப் பெண் 18-ல் கல்யாணம் செய்தால் வரும் 25,000-க்கு இன்றைய மதிப்பு சுமார் 18,800. படித்து முடித்து 20-ல் செய்தால் வரும் 50,000-க்கு சுமார் 31,000. வித்தியாசம் 12,000 சொச்சம்தான். தங்கம் இரண்டு பக்கமும் ஒன்று என்பதால் விட்டுவிடலாம். ஐந்து வருடப் படிப்புக்கு, பஸ், புத்தகம், கட்டணம், வராத சம்பளம் எல்லாவற்றுக்கும் எதிராக வைக்க 12,000 சொச்சம். எந்த அப்பா மயங்குவார்?

2022 மார்ச் பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தை மாற்றினார்கள். அதே அம்மையார் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம், புழக்கத்தில் 'புதுமைப் பெண்'. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. 2024-ல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். அதே ஆகஸ்டில் பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

மூன்று வருடப் பட்டத்துக்கு 36,000 ரூபாய். பதினைந்து வயதில் நின்று அதே 10 சதவீதத்தில் பார்த்தால் மதிப்பு 25,000 ரூபாய் சொச்சம். பழைய வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு. பார்க்கத்தான் சின்னத் தொகை! மேலும் மூன்று விஷயங்கள் மாறின. காசு கல்யாணத்தோடு கட்டப்படவில்லை. குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் என்ற பழைய வரம்பு போனதால் தங்கச்சிக்கும் உண்டு. அதைவிட முக்கியம், காசு வருவது அப்பா கைக்கு அல்ல, மாதாமாதம் படிக்கிறவளின் ஏ.டி.எம். கார்டுக்கு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதையும் இதோடு சேர்க்க வேண்டும். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போய்ப் படிக்கிற பெண்ணுக்கு அதுவும் மாதச் சம்பளம் மாதிரி.

இதில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகாத, போக முடியாத பெண்ணுக்குப் பழைய திட்டத்தில் 25,000 ரூபாயும் ஒரு பவுனும் இருந்தன. புதியதில் ஒன்றும் இல்லை. மிகவும் ஏழையாக இருப்பவள்தான் கல்லூரி வாசலுக்கே வராமல் போகிறாள். மகளுக்குத் தாலித் தங்கம் வரும் என்று நம்பியிருந்த அம்மாக்கள் 2022-ல் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

வெளியூர் அனுபவம்

1997-ல் மெக்சிகோவில் 'ப்ரோக்ரெசா' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளை 85 சதவீத வருகை வைத்தால் அம்மா கைக்குக் காசு. வகுப்பு ஏற ஏறத் தொகை ஏறும், உயர் வகுப்பில் பெண்ணுக்குப் பையனைவிடக் கூடுதல். 506 ஊர்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலில் கொடுத்து, 186 ஊர்களைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே ஏற்கனவே எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். மாற்றம் தெரிந்தது தொடக்கப் பள்ளி முடித்து அடுத்த பள்ளிக்குத் தாவும் வகுப்பில், குறிப்பாகப் பெண்களிடம். ஆனால் பரீட்சை மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. காசு பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவரும், உள்ளே சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டும்.

ஆப்பிரிக்காவின் மலாவியில் 2008, 2009-ல் இன்னொரு சோதனை. வயசுப் பெண்களில் ஒரு கூட்டத்துக்குப் பள்ளிக்குப் போனால்தான் காசு, இன்னொரு கூட்டத்துக்கு நிபந்தனை இல்லாமல் காசு. படிப்பில் நிபந்தனைக் காசு ஜெயித்தது. ஆனால் சின்ன வயதுக் கல்யாணமும் கர்ப்பமும் நிபந்தனை இல்லாத கூட்டத்தில்தான் அதிகம் குறைந்தன. காரணம், பள்ளியை விட்டு நின்றுபோன பெண்ணுக்கும் அங்கே காசு வந்துகொண்டிருந்தது, கல்யாணத்தை அவள் தள்ளிப்போட முடிந்தது. நிபந்தனைக் கூட்டத்தில் பள்ளியை விட்ட பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. மேலே சொன்ன அம்மாக்களின் கோபத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா இல்லையா?

இன்னும் அடைபடாத ஓட்டை

இந்த நூறு வருடக் கதையை வயது வாரியாக அடுக்கினால் ஒன்று பளிச்சென்று தெரியும். 14 வயது வரை சோறு, சீருடை, புத்தகம். 18-க்கு மேல் கல்லூரிக் காசு. நடுவில் பதினொன்றும் பன்னிரண்டும்? சைக்கிள் உண்டு, பட்டியலினப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. 2011-12 முதல் பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000 என்று 5,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். ஆனால் அதுவும் வைப்புத்தொகையாகக் கிடந்து பன்னிரண்டு முடித்த பிறகே கைக்கு வருவது. அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற குடும்பத்துக்கு, இரண்டு வருடம் கழித்து வரும் 5,000 கண்ணுக்கே தெரியாது. மில் ஏஜென்ட் கையில் வைத்திருக்கும் முன்பணம் தெரியும்.

சட்டமும் அந்த இடத்தில் தளர்ந்துதான் இருக்கிறது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழ் முழுத் தடை வந்தது, குடும்பத் தொழில் போன்றவற்றுக்கு விலக்கோடு. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு கைகழுவிவிடுகிறது.

என் கருத்து இவ்வளவுதான். காசு கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. எந்த வயதில், யார் கையில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பிரித்துக் கேட்டால் நம் மாநிலத்து அனுபவமே பதில் சொல்லும். தொலைவில் இருக்கும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் சின்னத் தொகை பிள்ளையைப் பிடித்து வைக்கும். கல்லூரியில் சேர்ந்தபின் கொடுக்கும் 1,000 ரூபாயில் பாதியையாவது பத்தாவது ரிசல்ட் வந்த மாதமே, பதினொன்றில் சேர்கிறவளின் கணக்கில் போட்டால், கல்லூரி வாசலுக்கு வந்து சேர்கிறவர்கள் எண்ணிக்கையே மாறும் என்று நினைக்கிறேன். பள்ளியை விட்டு நின்றவள் திரும்பி வந்தால் அவளுக்கும் அது கிடைக்க வேண்டும்.

நண்பர்களே, ஒரு சின்ன வேலை. உங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுங்கள். அதில் எத்தனை பேர் பதினொன்றுக்கு வரவில்லை, அவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் இலவசம் பற்றிச் சண்டை போடலாம். என் கணக்கில் தப்பு இருந்தால் அக்கவுண்டன்சி படிக்கிறவர்கள் தயங்காமல் சொல்லுங்கள் :-)